தலைக்கு ஒரு சொல், காலுக்கு ஒரு சொல்

சட்டை, ஷூ, தொப்பி, கண்ணாடி, மோதிரம் எதுவானாலும் ஆங்கிலத்துக்கு 'வேர்' என்னும் ஒரே வினைச்சொல் போதும். அதற்கு இணையான ஜப்பானியச் சொல்லை அகராதியில் தேடினால் முதலில் அகப்படுவது 'கிரு'. அதை நம்பி ஷூவுக்கும் தொப்பிக்கும் 'கிரு' போட்டால் கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும், கூடவே சிரிப்பும் வரும். அணியும் பொருள் உடம்பில் எங்கே, எப்படி அமர்கிறது என்பதைப் பார்த்தே ஜப்பானியர் வினையைத் தேர்கிறார்கள்.

'கிரு' மேலுடம்புக்கும் முழு உடம்புக்கும் உரியது. சட்டை, கோட்டு, கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த சூட்டு எல்லாம் இதில் அடங்கும். இடுப்புக்குக் கீழே அணிபவற்றுக்கு 'ஹக்கு': கால்சட்டை, பாவாடை, காலுறை, ஷூ. எழுத்தில் மட்டும் காலணிக்கு ஒரு கான்ஜி (சீன வழி எழுத்து), கால்சட்டைக்கு வேறொரு கான்ஜி. தோளிலிருந்து தொங்கும் கவுன் கணுக்காலைத் தொட்டாலும் 'கிரு'தான். கிமோனோவுக்கு மேல் இடுப்பில் கட்டும் ஹகாமாவோ 'ஹக்கு'. தலையில் அணியும் தொப்பி, ஹெல்மெட், பொய்முடி மூன்றுக்கும் 'கபுரு'. தலைவழியே தண்ணீர் ஊற்றிக்கொள்வதும், பிறர் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதும்கூட 'கபுரு'தான். இந்த மூன்று வினைகளோடும் பொருள் என்று அர்த்தம் தரும் 'மோனோ' சேர்ந்து பெயர்ச்சொற்கள் பிறந்திருக்கின்றன. உலகறிந்த கிமோனோ அப்படி வந்ததே. காலணிகள் ஹக்கிமோனோ, தலையில் அணிபவை கபுரிமோனோ.

உடம்பில் மாட்டும், பொருத்தும், இறுக்கும் சிறு பொருள்களுக்கு வேறு சொற்கள் உண்டு. கண்ணாடிக்குக் 'கக்கேரு', ஆணியில் கோட்டை மாட்டுவதற்கும் இதே சொல். விரலில் சரியாகப் பொருந்த வேண்டிய மோதிரத்துக்கும் கையுறைக்கும் 'ஹமேரு'. டை, பெல்ட், கிமோனோவின் இடுப்புப் பட்டையான ஓபி எல்லாம் 'ஷிமேரு', அதாவது இறுக்குவது. உடையில் குத்தும் பதக்கத்துக்கும் பூசும் வாசனைத் திரவியத்துக்கும் 'த்ஸுக்கேரு'.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் திணறுபவருக்கு 'ஸுரு' கை கொடுக்கும். 'செய்' என்று பொருள்படும் இந்த வினையைக் கண்ணாடி, மோதிரம், கடிகாரம், டை, முகக்கவசம் எல்லாவற்றுக்கும் சொல்லலாம். தமிழின் 'போடு' செருப்பிலிருந்து சங்கிலிவரை தடையின்றி ஓடுகிறது. 'ஸுரு'வுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சட்டையிடமும் ஷூவிடமும் நின்றுவிடும்.

பாடநூல்கள் பொதுவாக அணியும் வினைகளைப் பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கழற்றும் வினையைச் சேர்த்துப் படித்தால்தான் இந்தப் பாகுபாட்டின் தர்க்கம் பிடிபடும். கிரு, ஹக்கு, கபுரு மூன்றுக்கும் எதிர்ச்சொல் ஒன்றே: 'நுகு'. மற்றவை பெரும்பாலும் 'ஹஸுஸு' அல்லது 'தொரு'. ஓபியை மட்டும் அவிழ்க்க வேண்டும், அது 'தொக்கு'. உடம்பை உள்ளே நுழைப்பவை ஒரு குடும்பம், உடம்பின்மேல் பொருத்துபவை இன்னொரு குடும்பம். தொப்பியோ இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. அதற்கு 'நுகு'வும் சொல்லலாம், 'தொரு'வும் சொல்லலாம்.

சரியான சொல் கிடைத்த பின்னும் ஒரு சிக்கல் மிஞ்சும். 'கிரு' என்பது அணியும் செயல். அதன் பணிவு வடிவமான 'கிமஸு'வைச் சொன்னால் இனிமேல் அணிவேன் என்றோ, வழக்கமாக அணிவேன் என்றோதான் பொருள்படும். ஒருவர் இப்போது நீலச் சட்டை அணிந்திருக்கிறார் என்று சொல்ல 'கிதே இரு' வேண்டும்.

இந்த விதிகளெல்லாம் பொதுவழக்குக்கு உரியவை. ஹொக்கைடோவில் கையுறையையும் 'ஹக்கு' என்பார்கள். தோக்கியோக்காரர் காதில் அது கையுறையைக் காலில் போட்டதுபோல விழும்.

மரபுத்தொடர்களுக்குள் புகுந்தாலும் வினைகள் தங்கள் இடத்தை விடுவதில்லை. செய்யாத குற்றத்தை ஒருவர்மேல் சுமத்துவது அவருக்கு ஈர உடையை 'கிசேரு' செய்வது, அதாவது உடுத்திவிடுவது. உள்ளே ஒன்று வைத்து வெளியே சாதுவாக நடிப்பவர் பூனையைக் 'கபுரு' செய்கிறார். உயரமான மரச்செருப்பான கெத்தாவை ஒன்றுக்கு 'ஹக்கசேரு' செய்வதாகச் சொன்னால், மாணவரின் மதிப்பெண்ணையோ பொருளின் விலையையோ உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதாகப் பொருள்.