ஏழு கன்னியர் மலையும் ஒரு பொறியியலாளரும்

மலையகத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்களில் ஏழு கன்னியர் மலையை அறியாதவர் இல்லை. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் சரக்கேற்றிச் செல்வோர் அதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்ட மார்ட்டின்எயார் டீ.சீ.8 விமானம் கொழும்பில் தரையிறங்க வந்தபோது அம்மலையில் மோதியது. 182 ஹஜ் யாத்திரிகர்கள், 9 பணியாளர்கள், ஆக 191 பேரும் மரணமாயினர். அல்லாஹ் அந்த ஹாஜிகளைப் பொருந்திக்கொள்வானாக.

விசாரணையாளர்கள் சொன்ன காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. கட்டுநாயக்கவுக்கு நெருங்கிவிட்டோம் என்று விமானிகள் எண்ணியிருக்கிறார்கள். விமானமோ இன்னும் கிழக்கே, மலைகளுக்கு மேலே இருந்தது. அவர்கள் நம்பியிருந்த டொப்ளர் கருவியும் வானிலை ராடாரும் காட்டியதைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமிருந்தது என்று அறிக்கை கூறியது.

"விமானியின் தவறு" என்று கோப்பை மூடிவிடலாம். மூடாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குபவர்தான் உற்பத்திப் பாதுகாப்புப் பொறியியலாளர். லிந்துலையில் என் கடைக்கு வரும் ஒரு மாணவர், "நானா, அது விமான நிலைய வாசலில் நிற்கிற செக்கியூரிட்டி வேலையா?" என்று கேட்டார். இல்லை. மனிதன் தவறு செய்வான் என்பதை முதலிலேயே கணக்கில் எழுதிவிட்டு, அப்படித் தவறினாலும் உயிர் போகாதிருக்கப் பொருளில் என்ன மாற்றம் வேண்டும் என்று தேடுவதே அவருடைய வேலை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் விபத்து நடந்ததும் "கத்ர்" என்று சொல்லிவிட்டு, கட்டாத கயிற்றைப் பற்றிப் பேசாமல் விடுவதும் நம்மிடம் உண்டு.

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டொன் பேட்மன் அப்படியொரு பொறியியலாளர். நல்ல நிலையிலுள்ள விமானங்கள் மலையில் மோதுவதைத் தடுக்க அவர் ஒரு எச்சரிக்கைக் கருவியை உருவாக்கினார். கீழே நிலம் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை அளந்து, விமானியைக் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி அது. நமது மலை விபத்துக்கு மூன்று நாட்களுக்கு முன், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, வாஷிங்டனுக்கு அருகே ஒரு விமானம் இதேபோல் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதன் பின்னரே அமெரிக்கா பெரிய பயணிகள் விமானங்களுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கியது.

அத்துடன் வேலை முடியவில்லை. ஆரம்பக் கருவி காரணமின்றியும் கத்தியது. அடிக்கடி பொய்யாகக் கத்தும் கருவியை யார் மதிப்பார்? மேலும், அது நேர் கீழேதான் பார்க்கும். முன்னால் செங்குத்தாக எழும் மலையைக் காட்டாது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அந்நாடு தயாரித்திருந்த உலக நில உயர வரைபடத் தரவுகளை பேட்மன் தமது மேலிடத்தை இணங்க வைத்து வாங்கினார். செய்மதி மூலம் அறியும் இடத்தை அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, வரப்போகும் மலையை முன்கூட்டியே காட்டும் கருவி 1990களில் வந்தது. அது பொருத்தப்பட்ட விமானங்களில் இவ்வகை விபத்து மிக அரிதாகிவிட்டது. பேட்மன் 2023இல் காலமானார்.

இத்துறையின் கணக்கு கடுமையானது. விமானத்தையே வீழ்த்தக்கூடிய ஒரு கோளாறு, 100 கோடி பறப்பு மணித்தியாலத்தில் ஒரு தடவைக்கு மேல் எதிர்பார்க்கப்படக் கூடாது. எந்தத் தனி உறுப்பு பழுதானாலும் விமானம் விழக் கூடாது. இதை மீறினால் என்ன ஆகும் என்பதை போயிங் 737 மெக்ஸ் காட்டியது. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஒரு ஏற்பாடு, ஒரேயொரு உணர்கருவியின் சொல்லை நம்பி இயங்கியது. 2018இல் இந்தோனேசியாவிலும் 2019இல் எத்தியோப்பியாவிலுமாக 346 உயிர்கள் பறிபோயின. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் செய்த உடன்பாட்டின்படி, 250 கோடி டொலருக்கு மேல் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இரண்டாவது உணர்கருவியையும் சேர்த்துக் கேட்கும்படி முதலிலேயே அமைக்க இதில் எத்தனை பங்கு செலவாகியிருக்கும்?

நாம் விமானம் விற்பதில்லை. கேஸ் ரெகுலேட்டரும் ட்ரிப் சுவிட்சும் விற்கிறோம். 2021 இறுதியில் நாடெங்கும் சமையலறைகளில் கேஸ் வெடிப்புகள் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டரிலுள்ள புரோப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு கண்டறிந்தது. சிலிண்டர் அதே சிலிண்டர், அடுப்பும் குழாயும் அவைதான். உள்ளே மாறியது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

அதன் பிறகு புறக்கோட்டையில் சரக்கெடுக்கும்போது நான் விலைக்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: போன முறை தந்த சரக்கிலிருந்து இதில் எதுவும் மாறியிருக்கிறதா? பலர் சிரிக்கிறார்கள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் விலை சற்றுக் கூடுதல்தான். ரெகுலேட்டரை மட்டும் நான் அவரிடமே எடுக்கிறேன்.