கோரஸா பறக்கலாமா?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒண்ணு கூடி நாலு குரல்ல பாடுற கூட்டமா நீங்க? பேங்க் அங்கிள், டீச்சர் அக்கா, ப்ளஸ் டூ பொண்ணு, நீங்கன்னு எல்லாரும் கலந்த ஊர் கொயர்... 'ஒரு தடவையாவது ஃபாரின்ல பாடணும்டா'ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு விட்டுடாதீங்க.

வேல்ஸில் லங்கோலென்னு ஒரு சின்ன ஊர். 1947-லிருந்து அங்கே சர்வதேச இசை விழா நடக்குது. 1955-ல இத்தாலியின் மொடேனாவிலிருந்து ஓர் ஊர் கொயர் போய் ஆண்கள் பிரிவில் முதல் பரிசைத் தட்டிச்சு. அதில் பாடினவர்களில் ஒருத்தர் பேக்கரிக்காரர். கூடவே அவரோட 19 வயசு மகன். அந்தப் பையன்தான் பின்னாளில் ஓபரா உலகையே கலக்கிய லூசியானோ பவரோட்டி!

சரி, நாம எப்படிக் கிளம்புறது? ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிங்க.

குரல் கணக்கு

'30 பேர் வர்றாங்க'ன்னு தலையை மட்டும் எண்ணாதீங்க. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்னு பிரிச்சு எண்ணுங்க. மூணே மூணு டெனர் இருந்து, அதில் ரெண்டு பேருக்கு விசா வரலைன்னா பாட்டே படுத்துடும். ஒவ்வொரு குரலிலும் தனியா நின்னு பாடக்கூடியவங்க ரெண்டு பேராவது வேணும். செமஸ்டர் தேதி, ஆபீஸ் லீவு ரெண்டையும் பார்த்துட்டு அப்புறம் விழாவைத் தேர்ந்தெடுங்க.

பேப்பர் வேலை

முதல் வேலை, எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி காலாவதி தேதியைப் பாருங்க. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம்னா ஷெங்கன் விசா. ஆறு மாசத்துக்கு முன்னாடியே விண்ணப்பிக்கலாம். 15 நாளைக்குள்ள போய் நின்னா கஷ்டம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2024 ஜூனில் விசா கட்டணம் 90 யூரோவாக ஏறிச்சு. விசா மறுக்கப்பட்டா அந்தப் பணம் திரும்பி வராது. பிரிட்டன்னா அது வேற விசா, பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடிதான் விண்ணப்பிக்கவே முடியும்.

பாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, காப்பிரைட் சிக்கல் வரும். ஹேண்டல், பாக் மாதிரி பழைய ஆட்களோட பாட்டுக்கு உரிமைத் தொல்லை இல்லை. ஆனா அதையே இப்போ யாராவது புதுசா அமைச்சிருந்தா, அந்த அமைப்புக்கு உரிமை உண்டு. உஷார்!

என்ன பாடலாம்?

'மேசியா'வை அவங்க ஆயிரம் தடவை கேட்டிருப்பாங்க. நம்ம நாட்டுப்புற மெட்டை நாலு குரல்ல கேட்டிருக்க மாட்டாங்க. தமிழில் சேர்ந்திசைக்குப் பாதை போட்டவர் எம்.பி.ஸ்ரீனிவாசன். அவர் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைப் பத்தித் தேடிப் பாருங்க. ஐடியா தானா வரும்.

காசுதான் கண்டம்

நிஜமான பிரச்னை இங்கேதான். 'முடிஞ்சவங்க வாங்க'ன்னு சொன்னா, முடியாதவங்க வாயைத் திறக்காம ஒதுங்கிடுவாங்க. 'எனக்கு எக்ஸாம்', 'வீட்டில விசேஷம்'னு காரணம் சொல்வாங்க. டூர் முடிஞ்சு திரும்பி வர்றப்போ கொயர் ரெண்டா பிளந்திருக்கும். போட்டோல இருக்கிறவங்க, இல்லாதவங்கன்னு!

அதனால பொது நிதி ஒண்ணு ஆரம்பிங்க. மாசா மாசம் எல்லாரும் முடிஞ்சதைப் போடட்டும். உள்ளூர்ல டிக்கெட் போட்டு ரெண்டு கச்சேரி நடத்தி அதையும் சேருங்க. யார் எவ்வளவு போட்டாங்க, யாருக்கு உதவி போச்சுங்கிறது பொருளாளருக்கு மட்டும் தெரியட்டும். கண்டக்டர், பியானிஸ்ட் செலவையும் மொத்தக் கணக்கில் சேர்த்துடுங்க. திடீர்ச் செலவுக்கு நூத்துக்குப் பத்து எடுத்து வைங்க.

அப்படியும் தேறலையா? நாட்டை மாத்துங்க, ஆளை மாத்தாதீங்க. ஐரோப்பா வேணாம், கொழும்பு போதும். சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். பாதிப் பேர் வியன்னாவில் பாடுறதைவிட, மொத்தப் பேரும் கொழும்பில் பாடுறது மேல். சேர்ந்து பாடினாத்தானே பாஸ் அதுக்குப் பேரு கோரஸ்!