வேட்டைக் குட்டியை ஏன் விரட்டி ஓட்டக்கூடாது?

சிப்பிப்பாறை வேட்டைநாய்க் குட்டி ஆறாம் மாதத்திலேயே நெடுநெடுவென்று நிற்கும். பைக்கின் பின்னால் ஓடவிட ஆசை வரும், வேண்டாம். கால் எலும்புகளின் முனையருகே குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது அங்கேதான். அவை இறுக ஏறக்குறைய ஒரு வயதாகும். முன்னங்காலில் பக்கம் பக்கமாக இரண்டு எலும்புகள். ஒன்றின் தட்டு நசுங்கி வளர்ச்சி நின்றால், மற்றது நீண்டுகொண்டே போகும். கால் வில்லாக வளையும்.

வெயிலும் ஆகாது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். உடற்சூடு தணிவது இளைப்பில். தொங்கும் நாக்கு அகன்று நுனி மேலே சுருண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள்.

விடியலில் ஐந்து நிமிடம் விசிலுக்குத் திரும்பி வரப் பழக்கினால் போதும். மீதி நேரம் தானே விளையாடி, தானே படுக்கட்டும். (முயல் வேட்டையா? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது.)