வளர்ப்பு நாய் இனத் தேர்வு

வளர்ப்பு நாய் இனத் தேர்வு என்பது வீட்டின் இடவசதி, ஊரின் தட்பவெப்பம், வீட்டாரின் அன்றாட வாழ்க்கை ஆகியவற்றுக்குப் பொருந்தும் நாயைத் தெரிந்தெடுப்பதாகும். பெரும்பாலான நாய்கள் 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. எனவே இது நீண்ட காலப் பொறுப்பாகும். அழகை மட்டும் பார்த்து வாங்கப்படும் நாய்கள் பின்னர் நாள் முழுவதும் கட்டிப்போடப்படுவதும் தெருவில் விடப்படுவதும் உண்டு. ஓர் இனம் எந்த வேலைக்காக, எந்த நிலத்தில் உருவானது என்பதை அறிந்து தேர்ந்தெடுத்தால் இந்நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம்.

இனமும் இயல்பும்

நாய் இனங்களில் பல, குறிப்பிட்ட வேலைகளுக்காக மனிதர்களால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. அந்த வேலை இல்லாத வீட்டிலும் அவற்றின் இயல்பு எளிதில் மாறுவதில்லை.

• லாப்ரடார்: இதன் மூதாதை நாய்கள் கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு உதவியவை. மனிதர்களுடன் எளிதில் பழகும். உணவில் மிகுந்த நாட்டம் உடையதால், ஓட்டமும் நடையும் இல்லாவிட்டால் விரைவில் பருத்துவிடும்.
• ஜெர்மன் ஷெப்பர்டு: ஆடு மேய்க்க உருவாக்கப்பட்டது. கூர்மையான அறிவுடையது. பயிற்சியும் வேலையும் கொடுக்காவிட்டால் பொருட்களைக் கடித்துச் சேதப்படுத்தக்கூடும்.
• பீகிள்: மோப்பம் பிடித்துக் கூட்டமாக முயல் வேட்டையாடியது. உரக்கக் குரைப்பதால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகலாம்.
• டாக்ஸண்ட்: வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கப்பட்ட, நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட இனம். அடிக்கடி மாடிப்படி ஏறி இறங்குவது முதுகெலும்பைப் பாதிக்கலாம்.

தட்பவெப்பம்

நாய்களுக்கு மனிதர்களைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே அவை உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் தணிக்கின்றன. பக், புல்டாக் போன்ற தட்டையான முகமுடைய இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகியது. அதனால் வெயிலும் புழுக்கமும் மிகுந்த நாட்களில் அவற்றுக்கு வெப்பத்தாக்கு ஏற்படும் வாய்ப்பு அதிகம். சைபீரியன் ஹஸ்கி பனிநிலத்தில் சறுக்குவண்டி இழுத்த இனம். அதன் அடர்ந்த இரட்டை முடிப்போர்வை குளிரைத் தாங்குவதற்கானது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஊர்களில் இதனை வளர்ப்பது நாய்க்குத் துன்பம் தரும்.

தமிழ்நாட்டு இனங்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் பெயர்பெற்ற இனங்கள். 2005 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல் தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. குட்டையான முடியுடைய இவை வெப்பத்தைத் தாங்குபவை. ஆயினும் எல்லா வீட்டிற்கும் பொருந்துபவை அல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தும் வேகமுடையவை. அவற்றுக்குத் திறந்த வெளியில் ஓட்டம் தேவை. பூனை, கோழி ஆகியவற்றைத் துரத்தவும் கூடும். கோம்பை சிறந்த காவல் நாய். அந்நியரை எளிதில் ஏற்காததால் முதன்முதலாக நாய் வளர்ப்போருக்குக் கடினமாகலாம். வெண்ணிற ராஜபாளையக் குட்டிகள் சிலவற்றிற்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. எனவே வாங்கும் முன் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது. இனம் குறிப்பிட இயலாத நாட்டு நாய்க்குட்டிகளும் உள்ளூர்த் தட்பவெப்பத்துக்குப் பழகியவை. தத்தெடுத்து வளர்க்க ஏற்றவை.

ஆராய வேண்டியவை

• நேரம்: நாள்தோறும் இருவேளை நடத்திச் செல்ல யார் இருக்கிறார்கள்? பகல் முழுவதும் வீடு பூட்டியிருக்குமா?
• வீட்டார்: குழந்தைகளும் முதியோரும் இருந்தால், இழுக்கும் வலிமைமிக்க பெரிய நாயை அவர்களால் பிடிக்க இயலுமா?
• செலவு: உணவு, தடுப்பூசி, மருத்துவம் ஆகியவற்றின் செலவை நாயின் ஆயுள் முழுவதும் தாங்க இயலுமா?
• இசைவு: வாடகை வீடாயின் உரிமையாளர் ஒப்புக்கொள்வாரா?

வாங்கும்போது

இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளை விற்கக் கூடாது. இயன்றால் தாய் நாயை நேரில் பார்த்து அதன் நலத்தையும் குணத்தையும் அறிய வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத அளவில் போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் தொடர வேண்டும். வளர்ப்பு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். எந்த இனத்துக்கும் போதிய நேரமோ இடமோ தர இயலாத வீட்டில், நாய் வளர்க்காமல் இருப்பதும் சரியான தேர்வே.