கனவுக்குள்ளிருந்து ஒரு சைகை

தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் கணக்கு வினாத்தாள். ஒரு முறை தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தால், அதே தாளில் வேறு வினாக்கள்! 'பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆயிற்றே, இது கனவல்லவா?' என்ற எண்ணம் சட்டென்று எழுந்தது. பயம் போயிற்று. எழுந்து சன்னலருகே சென்று, வெளியே நின்ற வேப்பமரத்தை இலை இலையாகப் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியே என்னை எழுப்பிவிட்டது.

காலையில் வீட்டில் சொன்னபோது, "கனவென்று தெரிந்துகொண்டதாகவும் ஒரு கனவு கண்டாய், அவ்வளவுதான்" என்று சிரித்தார்கள். நீங்களும் அப்படியே நினைக்கலாம். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நார்மன் மால்கம்கூட, உறங்குபவன் 'நான் உறங்குகிறேன்' என்று தீர்மானிக்க முடியாது என்றே 1959இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார்.

டச்சு மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் 1913இலேயே இத்தகைய கனவுக்குப் பெயர் சூட்டியிருந்தார். தமிழில் 'தெளிகனவு' எனலாம். ஆனால் சான்று? கனவு கண்டவர் விழித்தெழுந்து சொல்லும் சொல்தான். உறங்கும்போதே அவர் வெளியுலகுக்கு ஒரு சைகை காட்டினாலன்றோ நம்பலாம்!

அங்கேதான் சிக்கல். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைவாக அசைவதை அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்த விழியசைவு உறக்கத்தில் வருகின்றன. அப்போது மூளைத்தண்டு, கைகால் தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கிவைத்து விடுகிறது. கனவில் நீங்கள் புலிக்குப் பயந்து ஓடினாலும் கட்டிலில் கால் அசையாதிருப்பது இதனால்தான். வாய் பேசாது, கை அசையாது. ஆனால் மூச்சுக்குரிய உதரவிதானமும் கண் தசைகளும் இந்தப் பூட்டுக்கு விலக்கு.

அப்படியானால் கண்ணாலேயே பேசலாமே! இந்த எளிய யோசனையை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் செய்துபார்த்தார். தெளிகனவு காணும் வழக்கமுடைய ஆலன் வொர்ஸ்லி ஆய்வுக்கூடத்தில் படுத்துக்கொண்டார். கனவென்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக எட்டு முறை அசைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1975 ஏப்ரலில் அது நடந்தது. ஒழுங்கற்ற விழியசைவுக் கோடுகளுக்கு நடுவே, பதிவுக் கருவியின் பேனா பெரிய ஒழுங்கான வளைவுகளை வரைந்தது. அதே தாளில் மூளை மின்னலைகளும் தசைப் பதிவும் அவர் உறங்குவதையே காட்டின. சிறைக்குள் இருப்பவன் சாளரத்தின் வழியே கைக்குட்டை அசைத்தது போல!

சில ஆண்டுகளில், இதை அறியாமலே, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜும் இதே முறையில் வெற்றி கண்டார். கனவுக்குள் பத்து வினாடி எண்ணச் செய்து, தொடக்கத்திலும் முடிவிலும் கண்சைகை காட்டச் சொன்னார். விழித்திருக்கும்போது எண்ண ஆகும் நேரமே ஏறத்தாழ ஆயிற்று. கனவில் ஒரு யுகம் ஒரு நொடியில் கழியும் என்ற பேச்சுக்கு இது சரியான அடி.

2021இல் ஆய்வாளர்கள் கேள்வியே கேட்டுவிட்டார்கள். அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 36 பேரிடம் சோதனை நடந்தது. உறங்கும் இளைஞர் ஒருவரிடம் "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்க, விழிகள் இருமுறை இடவலமாக அசைந்தன. 158 முயற்சிகளில் சரியான விடை கிடைத்தது நூற்றுக்குப் பதினெட்டு அளவே. பெரும்பாலானவற்றில் பதிலே இல்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. சிலர் விழித்தபின், கேட்கப்பட்ட கணக்கையே மாற்றிச் சொன்னார்கள். கண்கள் காட்டிய விடையோ தாளில் அப்படியே இருந்தது. என் வேப்பமரக் கனவுக்கு அப்படியொரு தாள் இல்லை. வீட்டாரின் சிரிப்புக்கு இன்னும் என்னிடம் பதிலும் இல்லை.