நிலமும் கதையும் – 11
வெருகலாற்றுக்கு இக்கரையில்

சென்ற வாரம் மூதூர் இறங்குதுறையில் நின்றோம். அங்கிருந்து கிளிவெட்டி, சேருநுவர வழியாகத் தெற்கே போனால் ஈச்சிலம்பற்று. கிழக்கே கடல். தெற்கே மகாவலியின் கிளையான வெருகலாறு. அதைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். அரசாங்கக் கடிதத் தலைப்பில் இப்போது ‘வெருகல் பிரதேச செயலகம்’ என்றிருக்கும். ஊர்ச்சனத்துக்கு அது ஈச்சிலம்பற்றுத்தான்.

பாலம் வருமுன் ஆற்றைக் கடக்கப் ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஓடியது. பஸ் கரையில் நிற்கும், சனமெல்லாம் இறங்கும், வெறும் பஸ் உறுமிக்கொண்டு பாதையில் ஏறும். மாரியில் ஆறு பெருகிவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். ஆவணித் திருவிழாவுக்கு வெருகல் முருகனிடம் போகிறவர்களும், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் சாமிமாரும், மாட்டு வியாபாரிகளும் ஒரே மர நிழலில் குந்தியிருந்து கதைத்த காலம் அது. பாலம் நல்ல விஷயம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஒரு பிரதேசத்தின் கதைகள் கைமாறுவதற்கு அப்படியொரு தாமதம் உதவத்தான் செய்தது.

மூதூர் முதல் வெருகல் வரையான இந்தக் கொட்டியாரக் கரை உலக இலக்கியத்துக்குள் நுழைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. புயலில் பாய்மரம் போன ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காகக் குடாவுக்குள் வந்தது. 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் அரிப்புக்குத் தப்பியோடி, 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டார். டானியல் டீஃபோ 1719இல் ‘ரொபின்சன் குரூசோ’வை எழுதியபோது அந்தப் புத்தகத்தின் தாக்கம் இருந்தது என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். நொக்ஸ் பிடிபட்ட இடமென்று மூதூரில் ஒரு புளியடியும் நினைவுக்கல்லும் உண்டு. அந்நியன் ஒருவனின் ஞாபகத்துக்குக் கல் கிடைத்திருக்கிறது.

உள்ளூர் ஞாபகத்தைக் கதையாக்கியவர் மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினம் (1925–2001). பள்ளிக்கூட வாத்தியார். ‘ஈழநாகன்’ என்ற பெயரிலும் எழுதினார். 1962இல் வந்த அவருடைய ‘தோணி’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. அதன் தலைப்புக் கதை சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவப் பொடியனுடையது. கடலை வர்ணித்துப் பக்கம் நிரப்பாமல், தோணி யாருடையது என்ற கேள்வியைக் கரையில் நிறுத்தினார். நிலக்காட்சி எழுத வருகிறவர்கள் அவரிடம் படிக்க வேண்டியது அதைத்தான். நிலத்தை எழுதினால் அது யார் கையில் இருக்கிறது என்றும் எழுத வேண்டிவரும்.

அந்தக் கேள்வியோடு ஈச்சிலம்பற்றுக்குள் போனால் விஷயம் சிக்கலாகிறது. இங்கே ஒரே கரைக்குப் பல ஞாபகங்கள். தமிழ் பேசி, சைவக் கோயிலுக்குப் போய், தங்களை வேடர் என்றும் பூர்வகுடி என்றும் சொல்லும் மக்கள் இங்கும் வாகரைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். 1911இல் வெளியான வேடர் பற்றிய நூலில் செலிக்மான் இந்தக் கரையோர வேடரையும் பதிவு செய்தார். தேனும் வேட்டையுமாகக் காட்டில் திரிந்தவர்களின் சடங்கில் கப்பலேறி வந்த தெய்வங்கள் இறங்குகின்றன! அவர்களைக் கணக்கெடுப்புப் படிவத்தின் எந்தக் கட்டத்துக்குள் போடுவது?

இதே கரையிலுள்ள இலங்கைத்துறை முகத்துவாரத்துக்குப் போங்கள். சிங்கள பௌத்தர்களுக்கு அது லங்காபட்டுன. இளவரசி ஹேமமாலா புத்தரின் தந்தத்தைக் கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்து இறங்கிய துறை. கரையோரக் குன்றில் இப்போது விகாரை இருக்கிறது. தமிழருக்கு அது பரம்பரையாக வலை இழுத்த இடம். கூந்தலுக்குள் ஒளித்த தந்தம் அருமையான கதை, அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஒரு கதைக்குப் பெயர்ப்பலகையும் காவலும் கிடைத்து, மற்றக் கதைக்கு எதுவும் இல்லாமற் போவதுதான் எனக்குப் பிரச்சினை.

பிறகு 2004. மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கம் பிளவுபட்டது. ஏப்ரலில், பெரிய வெள்ளியை ஒட்டி, வெருகலாற்றங்கரையில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளைச் சுட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி. 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டு யுத்தம் வெடித்தது. ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்குச் சனம் ஆற்றைக் கடந்து கதிரவெளி, வாகரை என்று போனது. நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து நாற்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரையும் விழுந்தது. எஞ்சியவர்களுக்கு மட்டக்களப்பு முகாம்கள்.

இதெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது. அறிக்கையில் இல்லாத ஒரு தாயைக் கற்பனை செய்து பாருங்கள். ஏப்ரலில் அவளுடைய இரண்டு பிள்ளைகள் ஆற்றின் இரண்டு கரையிலும் நின்றார்கள். டிசம்பரில் கடல் வீட்டைக் கொண்டுபோனது. 2006இல் அவள் காணிப் பெர்மிட்டைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு நடந்தாள். முகாமில் ஒருத்தி கேட்கிறாள்: “உங்கட மூத்தவன் எந்தப் பக்கம் அக்கா?” அவள் என்ன பதில் சொல்வாள்? எந்த விசாரணைக் கமிஷனும் அந்தப் பதிலை எழுதிக்கொள்ளாது. நாவலால் முடியும். 2004 ஏப்ரலை ஒரு தரப்பினர் படுகொலை நாளாக ஆண்டுதோறும் அனுட்டிக்கிறார்கள், மற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் வசதியில்லாத கதைதான் அந்தத் தாயின் கதை. எழுதுகிறவர்கள் அதைத் தொடத் தயங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூதூருக்கு வாய்த்த வ. அ. போல ஈச்சிலம்பற்றுக்கு ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை. வட்டவனிலோ பூநகரிலோ முத்துச்சேனையிலோ பிறந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் இருக்கிறார்கள். அன்று ஊரைவிட்டு நடந்தவர்களில் முதியவர்கள் வேகமாகக் குறைந்துவருகிறார்கள். உங்கள் அம்மம்மாவிடம் குளத்தின் பழைய பெயரையும், வயல் யாருடையது என்பதையும், 2006இல் எந்த வழியால் நடந்தீர்கள் என்பதையும் இந்த விடுமுறைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாவலாக வருமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

(அடுத்த வாரம்: வாகரை)