சிபாரிசு செய்தவர் தப்ப முடியாது!

கொழிஞ்சாம்பாறைத் தொழிலாளி ஒருவர் மின்னஞ்சல் விளம்பரத்தை நம்பி, ஒரு வாரக் கூலியைக் கொடுத்து இடுப்புப் பட்டை வாங்கினார். மூன்றாம் நாளே அறுந்தது. கேட்டால், "நான் விற்கவில்லை, சிபாரிசுதான் செய்தேன்" என்கிறார் மடல் அனுப்பியவர். புகார் எழுதித் தரும்படி தொழிலாளி என்னிடம் வந்தார்.

கமிஷன் வாங்கியவருக்குப் பொறுப்பில்லையா? உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உண்மையா என்று சரிபார்க்காமல் பொய் விளம்பரத்துக்குத் துணை நின்றவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

முதலில் விற்ற நிறுவனத்துக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பதில், ஒரு மாதத்தில் தீர்வு என்பது விதி. மசியாவிட்டால் 1915க்குத் தமிழிலேயே பேசலாம்.

வழக்குப் போட ஊருக்கு ஓட வேண்டாம். பாலக்காடோ இடுக்கியோ, வேலை பார்க்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையமே போதும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. கெடு இரண்டு ஆண்டு.

ரசீதையும் மடலையும் மட்டும் தொலைத்துவிடாதீர்கள்!